கணக்கில் வராத இரண்டு கிலோமீட்டர்

மனைவியின் செல்போனில் வேறு ஒருத்தனுடைய போட்டோ இருந்தால் புருஷன் பொறாமைப்படலாம். இனிக்க இனிக்க ஒரு செய்தி இருந்தால் வீட்டையே இரண்டாக்கலாம், ஊர் ஒன்றும் சொல்லாது. டெனிசுக்குக் கிடைத்தது வெறும் ஓர் எண். பதின்மூன்றாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அதை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் மூன்று வாரம் சோறு தண்ணீர் சரியாக இறங்காமல் அலைந்தான் என்றால் யாரைக் குறை சொல்வது?

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டாக்சி ஸ்டாண்டில் டெனிசைத் தெரியாதவர்கள் கிடையாது. சொந்த வண்டி, வெள்ளை நிறம், பதினெட்டு வருஷ அனுபவம். வண்டியைவிட வாய் அதிகம் ஓடும். டூரிஸ்ட் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட வேண்டியதுதான், தூண்பாறை, பைன் காடு, ஏரி, வெள்ளைக்காரன் கட்டிய பங்களா என்று இறங்குகிறவரை நிறுத்த மாட்டான். கேட்டவர்கள் சிரிப்பார்கள், கூடக் கொஞ்சம் டிப்ஸ் கொடுப்பார்கள். அவனுக்குச் சோறு போட்ட வாய் அது. அதைப் பழிக்க நமக்கு என்ன உரிமை?

அவன் மனைவி ஃபெமினா, ஏரிக்கு மேலே இருக்கிற ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க். ஆனந்தகிரியில் இருக்கும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு புள்ளி எட்டு கிலோமீட்டர். டெனிஸ் மீட்டரில் பார்த்து வைத்தது. பதினொரு வருஷமாகக் காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் அவன்தான். மகள் நர்சிங் படிக்கத் திண்டுக்கல் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். "எம் பொண்டாட்டிகூட மனசு விட்டுப் பேசுறது அந்தப் பயணத்துலதான்டா," என்று ஸ்டாண்டில் பெருமையடிப்பான். அவள் ஏறினதும் அன்றைக்கு வந்த டூரிஸ்ட் கதை, வழியில் பார்த்த சண்டை, போலீஸ்காரர் சொன்னது, டீசல் விலை எல்லாம் வரிசையாக வரும். பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கும்போது கதை பாதியில் நிற்கும். சாயங்காலம் அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறந்தபோது இதற்கெல்லாம் ஒரு வாத்தியார் வேட்டு வைத்தார். பெயர் பழனிக்குமார். கணக்கு வாத்தியார், சொந்த ஊர் பழனி. மனைவியும் பிள்ளையும் அங்கே, இவர் இங்கே தனியாக ஒரு ரூம் எடுத்து இருக்கிறார். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்குப் பொறுப்பும் அவரே. ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து, மூன்று கிலோமீட்டருக்குள் வீடு இருக்கிறவர்கள் நடந்தே வரலாமே, சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவரலாமே, பையைத் துணியில் தைத்துக்கொள்ளலாமே என்று பேசியிருக்கிறார். பேசியதோடு விடாமல் ஒரு பெரிய சார்ட் பேப்பரை ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டிவிட்டார். யார் எத்தனை காலடி நடந்தார்கள் என்று வெள்ளிக்கிழமை தோறும் அதில் எழுத வேண்டும். முதல் ஆளாகப் பெயர் எழுதியது ஃபெமினா.

மறுநாள் காலை டெனிஸ் வண்டியைத் துடைத்துவிட்டு முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் கான்வாஸ் ஷூவோடு வெளியே வந்தாள்.

"நான் நடந்து போறேங்க."

"குளுரு என்னா குளுரு! ஏறு, ஏறு. நேத்து அந்தக் கோயம்புத்தூர் பார்ட்டி கதைய பாதியில விட்டுட்டேன்ல?"

"அதான் வெள்ளனே கிளம்பிட்டேன். சாயங்காலமும் வர வேணாம்."

திறந்த கதவைப் பிடித்தபடி அவன் நின்றான். அவள் சந்து முனையில் திரும்பி மறைந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு வந்த முதல் டூரிஸ்ட்டிடம் தூண்பாறையை ஏரிக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வீட்டுக்குள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது. சமையலறை மூலையில் ஒரு மூடி போட்ட வாளி வந்தது, காய்கறித் தோலும் முட்டை ஓடும் அதற்குள் போயின. பழைய சேலை இரண்டு, பையாகி ஆணியில் தொங்கின. சுடுதண்ணீர் ஹீட்டரை ஆளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் போடக் கூடாது. பிளாஸ்டிக் குடத்துக்குப் பதிலாகப் பரணில் கிடந்த செம்புக் குடம் புளி போட்டுத் தேய்க்கப்பட்டுக் கீழே இறங்கியது. இதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பது டெனிசுக்கும் தெரியும். தெரிந்ததுதான் வயிற்றெரிச்சலைக் கூட்டியது. தப்பாக இருந்தால் சண்டை போடலாம்.

"ஏங்க, கறி வாங்கப் போனா இந்தத் தூக்குவாளியக் கொண்டு போங்க. கவர்ல வாங்காதீங்க."

"தூக்குவாளியோட போய் நின்னா கறிக்கடைக்காரன் சிரிப்பான்."

"பழனிக்குமார் சார் தோசை மாவுகூட டப்பால வாங்குறாராம். மீட்டிங்ல சொன்னாரு."

அந்த வாரத்தில் பழனிக்குமார் சார் பெயர் அவன் வீட்டுக்குள் வந்தது மூன்று தடவை. ஒன்று தோசை மாவுக்கு, ஒன்று வாளிக்கு, ஒன்று பேருந்தில் வருவதன் நன்மைக்கு. ஒரு டாக்சிக்காரன் வீட்டில் உட்கார்ந்து பேருந்தின் நன்மையைக் கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கியவன் அப்படியே வைத்துவிட்டான். அந்தச் சால்னாவும் தூக்குவாளியில் வந்ததுதான்.

அந்த வாத்தியாரை அவன் ஒரு நாள் வேண்டுமென்றே பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒட்டின வயிறு, நீளக் கால்கள். தை மாதம் ஆனால் பழனிக்குப் பாதயாத்திரை போகிற குடும்பமாம், கால் அப்படி இருக்காமல் எப்படி இருக்கும்? டெனிஸ் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். ஸ்டியரிங்குக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் போகும். மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தான், மூன்று விரல் போனது. மூச்சு விட்டதும் பழையபடி ஆயிற்று.

ஸ்டாண்டில் ஜெயமுருகன் என்று ஒருவன் இருக்கிறான். இவனுக்குத் தம்பி முறை மாதிரி, ஆனால் எரிகிற இடம் பார்த்து எண்ணெய் ஊற்றுகிற கை.

"அண்ணே, மதினியப் பாத்தேன். ஏரிக்கரையில வெரசா நடந்து போகுது. முன்னால அந்த ஒல்லி வாத்தியாரு."

"சேந்தா போறாக?"

"இல்லண்ணே. அவரு நூறடி முன்னால. மதினி பின்னால."

சேர்ந்து போகிறார்கள் என்று சொல்லியிருந்தால்கூட டெனிஸ் தூங்கியிருப்பான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வழி, இரண்டு பேர் பேசிக்கொண்டு போவதில் என்ன இருக்கிறது? நூறடி இடைவெளி விட்டுப் போகிறார்கள் என்றால் ஊர் கண்ணுக்குப் பயந்து போகிறார்கள் என்றுதானே அர்த்தம்! பொறாமைக்காரன் மூளை இப்படித்தான் வேலை செய்யும். எதைக் கொடுத்தாலும் அரைத்து ஒரே மாவாக்கிவிடும்.

மறுநாள் காலையில் அவன் பின்னாலேயே போனான். நடந்து இல்லை, வண்டியில். மனைவி பூமியைக் காப்பாற்ற நடக்கிறாள், புருஷன் அவளுக்கு முந்நூறு அடி பின்னால் முதல் கியரில் புகை விட்டுக்கொண்டு உருட்டுகிறான். பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன. ஒரு ஜீப்காரன் எட்டிப் பார்த்து, "அண்ணே, வண்டில ஏதும் கோளாறா?" என்று கேட்டான். "ஆமாடா, கிளட்ச்சு," என்று சொல்லிச் சமாளித்தான்.

ஏரி வளைவில் காட்டுமாடு ஒன்று ரோட்டுக்கு இறங்கி நின்றது. கொடைக்கானலில் இது அதிசயமில்லை. முன்னால் போன வாத்தியார் நின்று, காதில் மாட்டியிருந்த இயர்போனை எடுக்காமலே, பின்னால் வருகிறவளுக்குக் கையை உயர்த்தி 'நில்' என்று காட்டினார். ஃபெமினா நின்றாள். மாடு சாவகாசமாகக் கடந்து போயிற்று. அவர் கையை இறக்கினார், இவள் நடந்தாள். ஒரு வார்த்தை கிடையாது. இருபது வருஷக் குடித்தனத்தில் தான் கை காட்டி அவள் நின்ற ஞாபகம் டெனிசுக்கு இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடி ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினான். அது ஹார்னில் பட்டது. அவள் திரும்புவதற்குள் ஒரு பெட்டிக்கடை மறைவுக்கு வண்டியை ஒடித்துத் தப்பித்தான்.

இந்த நிலையில்தான் அந்த எண் அவன் கண்ணில் பட்டது. அவள் குளிக்கப் போயிருந்த நேரம். போன் மேஜையில் கிடந்தது. அடி எண்ணுகிற ஆப் திறந்தபடி இருந்தது. முந்தின நாள் செவ்வாய், அதற்கு முந்தின நாள் திங்கள் என்று கம்பம் கம்பமாகக் காட்டியது. திங்கட்கிழமைக் கம்பத்தில் பதின்மூன்றாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. போன வாரத்து வெள்ளிக்கிழமைக் கம்பத்தில் பத்தாயிரத்துச் சொச்சம்.

வேறு புருஷனாக இருந்தால் 'பரவாயில்லையே, நன்றாக நடக்கிறாள்' என்று போனைக் கீழே வைத்திருப்பான். டெனிஸ் வண்டிக்காரன். வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்தால் போகும்போது மீட்டரைப் பார்ப்பான், வந்ததும் பார்ப்பான். அப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், பூம்பாறைக்குப் போய் வருகிறேன் என்று வண்டியை எடுத்த ஒரு டிரைவர், மீட்டரில் முப்பது கிலோமீட்டர் கூட ஓடியிருந்ததால் மாட்டிக்கொண்டான். நிற்க வைத்துக் கேட்டதும், பேத்துப்பாறையில் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனதாக ஒப்புக்கொண்டான். மீட்டர் பொய் சொல்லாது என்பது டெனிசின் வேதம். போக வர ஐந்தரை கிலோமீட்டர், பள்ளிக்குள்ளே அங்கே இங்கே என்று கொஞ்சம், ஆகப் பத்தாயிரம் அடி சரி. மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம்? இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வருகிறதே. அந்த இரண்டு கிலோமீட்டர் எங்கே ஓடியது?

அன்றிலிருந்து அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் எண்களைப் பார்த்துத் தன் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மூன்று வாரம் எழுதினான். திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாளும் பதின்மூன்றாயிரம். புதனும் வெள்ளியும் பத்தாயிரம். ஒரு வாரம்கூட மாறவில்லை. பிறகு ஜெயமுருகனை விட்டு வாத்தியாரின் சோலியை விசாரித்தான்.

"வெள்ளிக்கிழம பள்ளிக்கூடம் விட்டதும் பழனி பஸ்ஸப் புடிச்சிருவாருண்ணே. புதங்கெழம பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ், ஆறு மணி ஆயிரும். மத்த நாளு ரூம்லதான்."

"ரூம் எங்க?"

"உங்க ஆனந்தகிரிதாண்ணே. உங்க சந்து முக்குல இருந்து மேல போற ரோட்டுல, தண்ணித் தொட்டிக்குப் போற வழியில."

டெனிஸ் விரல் விட்டு எண்ணினான். வெள்ளி இல்லை, புதன் இல்லை. மற்ற மூன்று நாளும் உண்டு. மீட்டரும் ஆளும் அச்சாகப் பொருந்திவிட்டன. அன்று மத்தியானம் ஸ்டாண்டில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று இரண்டு பேர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அவளிடமே நேராகக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கேட்கத்தான் போனான். இரண்டு தடவை சாப்பிடும்போது அவள் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தான். திறந்த வாயிலிருந்து ஒரு தடவை கேரளா பார்ட்டி பர்ஸைத் தொலைத்த கதை வந்தது, இன்னொரு தடவை இ-பாஸ் இல்லாமல் வந்தவனைச் செக்போஸ்ட்டில் நிறுத்திய கதை வந்தது. அவள் "ம்" என்றாள், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அந்த "ம்" கூட அவனுக்கு இப்போது வேறு மாதிரி கேட்டது. பேச்சையெல்லாம் எங்கேயோ கொட்டிவிட்டு வருகிறாள், தனக்கு மிச்சம் இவ்வளவுதான் என்று நினைத்து மனம் வெந்தான்.

நான்காவது வாரம் வியாழக்கிழமை, வந்த டிரிப்பை ஜெயமுருகனுக்குத் தள்ளிவிட்டு, நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தான். வண்டியை வழக்கம்போல வாசலில் நிறுத்தினான். சந்து முனையில் செல்வமேரியின் டீக்கடை இருக்கிறது. உள்ளே போய், பன் பாக்கெட் தொங்குகிற வரிசைக்குப் பின்னால் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

"என்ன டெனிசு, வீட்டுக்குப் போகாம இங்க?" என்றாள் செல்வமேரி.

"டீ குடிக்கணும் போல இருந்துச்சுக்கா."

முதலில் வந்தவர் வாத்தியார். காதில் பாட்டு, கையில் துணிப்பை. யாரையும் பார்க்காமல் மேல் ரோட்டில் ஏறிப் போனார். டெனிஸ் டீயை ஊதினான், குடிக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஃபெமினா வந்தாள். சந்து முனையில் நின்றாள். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பையைத் தோளில் சரி பண்ணிக்கொண்டு, சந்துக்குள் வராமல், மேல் ரோட்டில் ஏறினாள்.

இதோ! புருஷன் வீட்டில் இருக்கிறானா என்று பார்த்து வைத்துக்கொண்டு போகிறாள்! டெனிஸ் டீ கிளாசை வைத்த வேகத்தில் பாதி பெஞ்சில் கொட்டியது. ஐம்பதடி விட்டுப் பின்னால் ஏறினான். ஏற்றம் செங்குத்து. பதினெட்டு வருஷமாக ஆக்சிலேட்டரை மட்டும் மிதித்த கால், இரண்டாவது திருப்பத்திலேயே நடுங்கியது. நெஞ்சு அடித்துக்கொண்டது, பாதி ஏற்றத்தால், பாதி பயத்தால். அந்த ரூமுக்குள் அவள் நுழைந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? கத்துவேனா? அழுவேனா? மகளிடம் என்ன சொல்வேன்? வேண்டாம் மாதாவே, நுழையக் கூடாது, நான் இனிமேல் அவளை ஒன்றும் கேட்க மாட்டேன் என்று மனதுக்குள் கெஞ்சினான்.

வாத்தியார் ரூம் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துணிக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். ஃபெமினா அந்த வாசலைக் கடந்தாள். அவர் நிமிரவில்லை, இவள் திரும்பவில்லை. நேராக நடந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனாள், அங்கே ரோடு முடிகிறது. தொட்டிச் சுவரில் கையை ஊன்றி நின்றாள். கீழே ஊர், அதற்கும் கீழே மேகம். யாருக்கும் போன் பண்ணவில்லை, யாரும் வரவில்லை. சும்மா நின்றாள். யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் நின்ற டெனிசுக்கு, இத்தனை நாள் கட்டி வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.

அவள் திரும்புவதைப் பார்த்ததும் அவன் படிக்கட்டுக் குறுக்குவழியில் விழுந்தடித்து இறங்கி மறுபடி டீக்கடைக்குள் புகுந்தான். மூச்சு வாங்கி அடங்குவதற்குள் அவள் சந்து முனைக்கு வந்துவிட்டாள். நின்றாள். எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை டெனிஸ் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்த்தான். வீட்டு வாசலில் அவனுடைய வெள்ளை வண்டி நின்றது. ஃபெமினா ஒரு பெருமூச்சு விட்டாள். திரும்பி மறுபடியும் மேல் ரோட்டில் ஏறினாள்.

"இது ரெண்டாவது ரவுண்டு," என்றாள் செல்வமேரி, பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "பாவம், என்னா நடை நடக்குது! உன் வண்டி நின்னா ரெண்டு ரவுண்டு. வண்டி இல்லேன்னா நேரா வீட்டுக்குப் போயிரும். நீ வந்திருந்தா வீடு தெறந்து கெடக்கும், வெளக்குப் போட ஆள் இருக்குன்னு நிம்மதியா நடக்கும் போல."

டெனிஸ் சட்டைப் பையிலிருந்து காகிதங்களை எடுத்தான். பின்பக்கம் முழுக்க அவள் அடிகள். மெதுவாகத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தான். புதன்கிழமை: ரிசார்ட் பார்ட்டி, மதுரை ஏர்போர்ட். வெள்ளிக்கிழமை: கொடை ரோடு ஸ்டேஷன், வார இறுதி பார்ட்டி. இரண்டு நாளும் வீடு திரும்ப இருட்டிவிடும், மற்ற நாள்களில் அவள் வருவதற்குள் வண்டி வாசலில் நிற்கும். அவன் கையெழுத்தில் அவனே எழுதியது. அடுத்தவன் எந்தெந்த நாள் ஊரில் இருக்கிறான் என்று ஆள் வைத்து விசாரித்த புத்திசாலி, தான் எந்தெந்த நாள் இல்லை என்று பார்க்கவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை. அதைப் படித்தவன்தான் மடையன்.

இரண்டு கிலோமீட்டர். எட்டு மணி நேரம் வேலை பார்த்துக் களைத்த கால், தன் முகத்தைப் பார்ப்பதைத் தள்ளிப் போட இரண்டு கிலோமீட்டர் ஏறி இறங்குகிறது. அந்த ஒல்லி வாத்தியாரோடு ஓடிப் போயிருந்தால்கூட ஊரைக் கூட்டி ஒரு நியாயம் கேட்டிருக்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவன் எழுந்து சந்துக்குள் போனான். வண்டியை எடுத்தான். அவள் போன திசைக்கு எதிராகக் கீழே இறங்கி, கோவில் சுவர் ஓரமாக நிறுத்திப் பூட்டினான். படியேறி நடந்தே வீட்டுக்கு வந்தான். கதவைச் சும்மா சாத்திவிட்டு, முன்னறையில் விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அவள் கால் வலிக்கும் என்பது மட்டும் மனதில் இருந்தது.

கால் மணி நேரத்தில் சந்தில் ஷூ சத்தம் கேட்டது. வேகமான சத்தம். வாய்க்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டு வந்தாள். அவன் பூட்டாமல் போயிருக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பையை மாட்டி, தலைமுடியைத் தளர்த்தி, இரண்டு கையையும் மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள். அந்த முகத்தை டெனிஸ் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை, அவள் தங்கைகளோடு விளையாடும்போது தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். பிறகு பார்த்ததில்லை. அதுவரை பழனிக்குமார் மேல் இருந்த பொறாமை முழுவதும் அந்த நொடியில் இடம் மாறியது. இந்த வெறும் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். நான்கு சுவருக்கும் ஒரு மேஜைக்கும் காட்டுகிற முகத்தை எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறாளே!

அப்போது அவள் அவனைப் பார்த்தாள். முகம் மூடிக்கொண்டது.

"நீங்க இருக்கீங்களா? வண்டியக் காணோமே?"

"கீழ போட்டுட்டு நடந்து வந்தேன்."

"ஏன்?"

"நீ வீட்டுக்கு வரணும்னு."

ஃபெமினாவின் கை தலைமுடியிலேயே நின்றது. அவன் பார்த்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. மறுக்கவில்லை. சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ முடிச்சை அவிழ்த்தாள், ஒன்றை அவிழ்த்து ரொம்ப நேரம் கழித்துத்தான் மற்றொன்றைத் தொட்டாள்.

"உங்க மேல வெறுப்பு இல்லங்க," என்றாள். "சத்தியமா இல்ல. ஆபீஸ்ல காலையில இருந்து மேடம் மேடம்னு ஒரே கூப்பாடு. ஃபீஸ் கட்டுறவங்க, டிசி கேக்குறவங்க, போனு. கார்ல ஏறுனா நீங்க ஆரம்பிப்பீங்க. வீட்டுக்கு வந்தாலும் நீங்க. பதினோரு வருஷமா உங்க வண்டியில நானும் ஒரு டூரிஸ்டாத்தான் வந்துக்கிட்டு இருக்கேன். நடக்க ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் என் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னே எனக்குக் கேக்குது. அது நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் வேணும்னு இருக்கு. ஒரு அரை மணி நேரம் யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும்."

டெனிசுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். உனக்காகத்தானே பேசினேன், நீ தனியாக உட்கார்ந்து சலித்துப் போவாய் என்றுதானே என்று சொல்ல வேண்டும். வாத்தியார் விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கவும் வேண்டும், அது நல்ல கதை, ஸ்டாண்டில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. அவற்றை விழுங்குவது மேல் ரோட்டில் ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் எழுந்து செருப்பை மாட்டினான்.

"எங்க போறீங்க?"

"அரை மணி நேரந்தான?"

அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தான்.

மேல் ரோட்டில் ஏறினான். குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. வாத்தியார் ரூம் வாசலில் துணி காய்ந்தது, ஆளைக் காணோம். தண்ணீர்த் தொட்டி வரை போய் அவள் நின்ற இடத்தில் நின்றான். தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டுப் பார்த்தான். அவனுக்குத் தன் குரலே தூண்பாறை, பைன் காடு என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்து, அவள் சாப்பிட்டாளா என்ற ஒரே கேள்வி மட்டும் மிஞ்சியது. முட்டி விண் விண் என்று தெறிக்க இறங்கினான்.

சந்து முனைக்கு வந்து எட்டிப் பார்த்தான். வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கைக்குள்ளும் ஒரு டம்ளரைப் பிடித்தபடி, எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியைப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது. நாலு எட்டு வைத்தால் வீடு. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் போல, அழுகை வருகிற அளவுக்கு ஆசையாக இருந்தது. மணியைப் பார்த்தான். அரை மணிக்கு இன்னும் ஒன்பது நிமிஷம் இருந்தது.

டெனிஸ் திரும்பி மறுபடியும் மேலே ஏறினான்.